தாய்மை காத்த தையல்: டாக்டர் ஷிரோத்கரின் வாழ்க்கை

மும்பையில் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த பழக்கமுள்ள நம்மவர்கள் ஒரு சொல்லைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாத முடிவிலேயே டாக்கா போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று பக்கத்து பெஞ்சில் இருக்கும் மாமியார் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லிக் கொண்டிருப்பார். டாக்கா என்றால் மராத்தியில் தையல். எங்கே போட்ட தையல், எதற்காகப் போட்ட தையல் என்பதைக் கூடத்தில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லோருக்கும் புரியும்.

அந்தத் தையலுக்கு உலகம் முழுவதும் உள்ள மருத்துவ நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது. அது வெள்ளைக்காரர் பெயர் அல்ல. பைகுல்லாவில் நாம் பஸ்ஸில் கடந்து போகும் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு கோவாக்காரரின் பெயர். அவர்தான் டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர்.

ஊர்ப் பெயரே குடும்பப் பெயர்

கோவாவில் போண்டா தாலுகாவைச் சேர்ந்த ஷிரோடா என்பது அவரது ஊர். இந்தப் பக்கத்து வழக்கப்படி ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்தால் குடும்பப் பெயர் ஆகிவிடும். அதே தாலுகாவின் மங்கேஷியிலிருந்து மங்கேஷ்கர் வந்தது போல ஷிரோடாவிலிருந்து ஷிரோத்கர் வந்தது. மகாராஷ்டிரக் கடற்கரையில் உப்பு சத்தியாக்கிரகத்தால் பெயர் பெற்ற ஷிரோடா ஒன்று உண்டு. அது வேறு ஊர்.

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி அவர் பிறந்தபோது கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. பள்ளிப் படிப்பு எல்லை தாண்டி ஹூப்ளியில். பிறகு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1845-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியும் அதை ஒட்டிய ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் அன்றைய மேற்கு இந்தியாவில் மருத்துவம் படிக்க விரும்பிய கெட்டிக்காரப் பையன்களுக்கெல்லாம் போய்ச் சேரும் இடமாக இருந்தன. 1923-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1927-ல் பிரசவ மருத்துவத்தில் எம்.டி. பட்டம். அதன் பிறகு இங்கிலாந்து சென்று 1931-ல் எப்.ஆர்.சி.எஸ். பெற்றுத் திரும்பினார்.

இந்த எப்.ஆர்.சி.எஸ். பட்டத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது அறுவை மருத்துவருக்கான பட்டம். பிரசவம் பார்ப்பவர்கள் பொதுவாக இயற்கைக்குத் துணை நின்று காத்திருக்கப் பழகியவர்கள். ஷிரோத்கர் அந்தப் பொறுமையோடு அறுவைக்காரரின் கண்ணையும் கையையும் சேர்த்துக் கொண்டு வந்தார். எங்கே எந்தச் சதை தளர்ந்திருக்கிறது, எதைக் கொண்டு அதைத் தாங்கலாம் என்று பார்ப்பதே அவர் வழக்கம். அவர் பின்னாளில் செய்த காரியங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

ஊர் திரும்பியதும் தாம் படித்த ஆஸ்பத்திரியிலேயே கௌரவ மருத்துவராகப் பணியேற்றார்; கிராண்ட் கல்லூரியில் பிரசவம், பெண்கள் நோய் ஆகிய துறைகளின் கௌரவப் பேராசிரியராகவும் விளங்கினார். கௌரவம் என்றால் காலையில் ஏழை நோயாளிகளைப் பார்ப்பது, மாணவர்களுக்குக் கற்பிப்பது, பிழைப்புக்கு வெளியே தனியாகத் தொழில் செய்வது. அன்றைய பம்பாயின் பெரிய டாக்டர்கள் பலரும் இப்படித்தான் இருந்தார்கள். இதனால் ஒரு நன்மை உண்டு. மில் தொழிலாளியின் மனைவியும் மலபார் ஹில் சீமாட்டியும் ஒரே மருத்துவரின் கண்ணில் பட்டார்கள். இரண்டு பேருக்கும் வந்த துயரம் ஒன்றே என்பது அவருக்குத் தெரிந்தது.

ஐந்தாம் மாதத்துத் துயரம்

அது என்ன துயரம்? கர்ப்பம் தரிக்கும். மசக்கை வரும், போகும். நான்காம் மாதம் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று வீட்டார் ஊருக்கெல்லாம் சொல்லுவார்கள். ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ ஒரு நாள், பெரிய வலி எதுவும் இல்லாமல், அடிவயிற்றில் ஒரு கனம் தோன்றும். நீர்க்குடம் உடையும். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிறந்த சிசு சில சமயம் மூச்சு விடும், கை கால் அசைக்கும். ஆனால் பிழைக்கும் வயது அதற்கு இல்லை. அடுத்த முறையும் இப்படியே. அதற்கடுத்த முறையும் இப்படியே.

மருத்துவர் சொல்வதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் காரணம் சொல்லிவிடுவார்கள். நாக தோஷம் என்பார்கள். முன்ஜென்ம வினை என்பார்கள். அந்தப் பெண் கனமான குடத்தைத் தூக்கினாள், மாடிப்படி ஏறி இறங்கினாள், பேச்சுக் கேட்கவில்லை என்பார்கள். மூன்றாவது முறை போனதும் அவளை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குவார்கள். பிள்ளைக்கு மறுமணம் செய்து வைக்கலாமா என்று பெரியவர்கள் அடுத்த அறையில் பேசத் தொடங்குவார்கள். ஷிரோத்கர் காலத்து இந்தியாவில் இது கதை அல்ல. இந்து ஆண்கள் இரண்டாம் மனைவி கொள்வதை நாடு முழுவதும் தடை செய்த சட்டம் 1955-ல்தான் வந்தது. அவர் தம் புதிய முறையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்ட ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அன்று ஒரு பெண்ணுக்கு என்ன பயம் இருந்தது என்பதை இந்த ஆண்டுக் கணக்கு சொல்லும்.

மருத்துவர்களும் அப்போது பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. படுத்திருங்கள் என்றார்கள். ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். கர்ப்பம் கலைவதெல்லாம் ஹார்மோன் குறைவால்தான் என்ற எண்ணம் 1940-களில் மேல்நாட்டில் பலமாக இருந்தது. ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனை அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோவில் முறையாகச் சோதித்துப் பார்த்து, அதனால் பயனில்லை என்று கண்டார்கள். அப்படியும் பலர் கொடுப்பதை நிறுத்தவில்லை. அந்த மருந்தை உண்ட தாய்மாரின் பெண் குழந்தைகள் சிலருக்கு இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வந்தது 1971-ல் தெரிந்த பிறகுதான் அமெரிக்க அரசு விழித்துக் கொண்டது.

விரல் நுனியில் கிடைத்த விடை

ஷிரோத்கர் எல்லாக் கருச்சிதைவுகளையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. இதுதான் அவரது முதல் வெற்றி என்று நான் நினைக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் கலைவது வேறு. அதற்குப் பெரும்பாலும் கருவிலேயே குறை இருக்கும். நான்காம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில், ஓய்வு எடுத்தும் ஹார்மோன் கொடுத்தும் நிற்காமல், ஒரே மாதிரியாக மீண்டும் மீண்டும் போவது வேறு. இந்த இரண்டாவது கூட்டத்தை மட்டும் அவர் தனியே எடுத்து வைத்துக் கொண்டு ஆராய்ந்தார்.

கர்ப்பப்பையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்து கொண்டால் அவர் கண்டது விளங்கும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே உள்ள பை பெரும்பாலும் தசை. குழந்தை வளர வளர விரிந்து கொடுப்பது அதன் வேலை. கீழே உள்ள வாய்ப்பகுதியில் தசை குறைவு. கெட்டியான நார்த்திசு அதிகம். பத்து மாதமும் இறுகி மூடியிருந்து, பிரசவ வேளையில் மட்டும் இளகித் திறப்பது அதன் வேலை. இந்த வாயின் உட்புற வளையம் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும்? சிசு சிறிதாக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. நாலைந்து மாதத்தில் பாரம் ஏறியதும் சுருக்குக் கயிறு இல்லாத பை போல் வாய் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். கர்ப்பப்பை சுருங்கித் தள்ளுவதில்லை. வாய்தான் திறந்து விடுகிறது. வலி இல்லாததற்குக் காரணம் அதுவே.

வாய் இப்படிப் பலவீனப்படப் பல காரணங்கள் உண்டு. முந்தைய பிரசவத்தில் கிழிந்திருக்கலாம். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது வாயை வேகமாக விரித்ததில் சேதமாகியிருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. எதிலும் அந்தப் பெண்ணின் குற்றம் ஒன்றுமில்லை.

இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கர்ப்பப்பை வாய் தளர்ந்திருப்பதால் கரு தங்காமல் போகலாம் என்று 17-ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவ நூலிலேயே குறிப்பு இருக்கிறது. 1948-ல் பிரான்சிலும் 1950-ல் அமெரிக்காவிலும், கர்ப்பம் இல்லாத காலத்தில் வாயின் ஒரு பகுதியை வெட்டித் தைத்துச் சீர் செய்து பார்த்தார்கள். ஆனால் அப்படி வெட்டித் தைத்த பின் சிலருக்குக் கர்ப்பமே தரிக்காமல் போகும் ஆபத்து இருந்தது. தவிர, கர்ப்பம் இல்லாதபோது எந்த வாய் பலவீனமானது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஷிரோத்கர் கர்ப்ப காலத்திலேயே பார்த்தார். அப்போது ஸ்கேன் கிடையாது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை விரலால் சோதித்து, உள்வளையம் நாளுக்கு நாள் நெகிழ்வதைத் தாமே உணர்ந்து உறுதி செய்து கொண்டார். எது வெளியிலிருந்து தாங்கினால் போதுமோ அதற்கு உள்ளே மருந்து கொடுத்துப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

தொடையிலிருந்து ஒரு நாடா

அவர் செய்த அறுவை சொல்லும்போது எளிது. கர்ப்பிணிக்கு மயக்க மருந்து கொடுத்து, யோனி வழியாகவே கர்ப்பப்பை வாயை அணுகுவார். வாயின் முன்புறம் மேல்தோலில் சிறு கீறல் போட்டு, அதன் மேல் ஒட்டிக் கொண்டிருக்கும் மூத்திரப்பையை மெதுவாக மேலே ஒதுக்குவார். பின்புறம் இன்னொரு கீறல். இந்த இரண்டு கீறல்களுக்கும் இடையே, தோலுக்கு அடியில், வளைந்த ஊசி கொண்டு இரண்டு பக்கமும் ஒரு நாடாவைச் செலுத்தி உள்வளையத்தின் மட்டத்தில் சுற்றி இறுக்கி முடிவார். பிறகு தோலை மூடித் தைப்பார். குழந்தைக்குக் கட்டும் அரைஞாணைத் தோலுக்கு அடியில் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

எதைக் கொண்டு கட்டினார் என்பதுதான் சுவையானது. சாதாரண ஆட்டு நரம்புத் தையல் சில வாரங்களில் கரைந்து போகும். ஐந்து மாதம் தாங்காது. ஆகவே அந்தப் பெண்ணின் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்தே ஒரு நாடாவை எடுத்தார். அங்கே தோலுக்கும் தசைக்கும் இடையில் வெள்ளையாக, விரிப்புப் போல, மிக வலுவான ஒரு சவ்வு இருக்கிறது. அதில் ஒரு குறுகிய பட்டையை வெட்டி எடுத்தால் கால் நடைக்குக் குறைவில்லை. சொந்த உடம்பின் பொருள் என்பதால் உடம்பு அதைத் தள்ளாது. பின்னாளில் செயற்கை இழையில் நெய்த நாடாக்கள் வந்ததும் தொடையில் கத்தி வைக்கும் தேவை போயிற்று.

சொல்ல எளிது என்றேன், செய்ய எளிதல்ல. கர்ப்பிணியின் உறுப்புகளில் ரத்த ஓட்டம் மிகுதி. முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், பக்கங்களில் பெரிய ரத்தக் குழாய்கள். கொஞ்சம் ஆழமாகப் போனால் நீர்க்குடம் உடையும். கர்ப்பிணி மேல் கத்தியே வைக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், பலமுறை இழந்து வந்த பெண்ணின் கடைசி நம்பிக்கை மேல் கத்தி வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட, தம் விரல் சொன்னதில் நிச்சயம் வேண்டும்.

சென்னைப் பத்திரிகையில் வந்த செய்தி

ஐந்தாண்டுகளில் 30 பேருக்கு இவ்வாறு செய்து பார்த்த பின் 1955-ல் அவர் எழுத உட்கார்ந்தார். எழுதியது மிகச் சிறிய கட்டுரை. அதை அவர் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ முதலில் அனுப்பவில்லை. அது வெளிவந்தது நம் சென்னையில்! ஆம், டாக்டர் யு. ராமராவ் 1904-ல் சென்னையில் தொடங்கிய 'ஆண்டிசெப்டிக்' என்ற மருத்துவ மாதப் பத்திரிகையில்தான். ராமராவின் மகன் டாக்டர் யு. கிருஷ்ணராவ் பின்னர் சென்னைச் சட்டசபையின் சபாநாயகராக இருந்தவர் என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்திய மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள நடத்தப்பட்ட அந்தப் பத்திரிகையின் 52-ஆம் தொகுதி, 299-ஆம் பக்கம் இன்றும் உலகெங்கும் மருத்துவக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் இடம்பெறுகிறது. மூலக் கட்டுரையைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அந்தப் பக்க எண்ணை எழுதுகிறார்கள்.

செய்தி பரவ அதிக நாளாகவில்லை. 1957-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர் இயான் மெக்டொனால்டு, தாம் 70 பேருக்குச் செய்த இன்னும் எளிய ஒரு தையலைப் பற்றி எழுதினார். அவர் தோலைக் கீறவில்லை, மூத்திரப்பையை ஒதுக்கவில்லை. வாயைச் சுற்றி நாலைந்து இடங்களில் ஊசியைக் குத்தி எடுத்து நூலை இழுத்து முடிந்தார். நாம் மேலே சொன்ன சுருக்குப் பையேதான். ஷிரோத்கர் தையல் உள்வளையத்துக்கு அருகில், உயரமாக விழும். மெக்டொனால்டு தையல் சற்றுக் கீழே விழும். ஆனால் போடுவதும் எளிது, பிரிப்பதும் எளிது. 1950-களின் இறுதிக்குள் அமெரிக்க மருத்துவர்களும் இந்தச் சிகிச்சையில் தங்கள் அனுபவங்களை வெளியிட்டார்கள். 1960-ல் ஷிரோத்கரின் நூல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அச்சாகி வந்தது. மேலை நாட்டுப் புத்தகத்தைப் படித்து இந்திய மாணவன் பரீட்சை எழுதிய காலம் போய், பம்பாய்ப் புத்தகத்தை வைத்துக் கொண்டு மேலை நாட்டு டாக்டர் ஊசி பிடிக்கும் காலம் வந்தது. நமக்குச் சுதந்திரம் வந்து பதின்மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெட்டாமல் தாங்குவது

ஒரே ஒரு தையலால் மட்டும் ஷிரோத்கரை நினைப்பது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல. கர்ப்பப்பை கீழிறங்கும் நோய் உழைக்கும் பெண்களை வாட்டுவது. வீட்டில் பிரசவம் பார்த்து, பத்தாம் நாளே வயலுக்கும் வேலைக்கும் போகும் பெண்களிடம் அது அதிகம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் சுமந்து திரிவார்கள். அதற்கு மான்செஸ்டர் முறை என்று ஓர் ஆங்கில அறுவை இருந்தது. அதில் நீண்டு தொங்கும் கர்ப்பப்பை வாயை வெட்டி எடுத்து விடுவார்கள். இறங்கியது ஏறிவிடும்; ஆனால் வாயை வெட்டிவிட்ட பின் அடுத்த கர்ப்பம் எங்கே தங்கும்? ஒரு துயரத்தைத் தீர்த்து இன்னொன்றைக் கொடுப்பதாக அது இருந்தது.

இதைக் கண்ட ஷிரோத்கர் அந்த முறையை மாற்றினார். வாயை வெட்டாமல், அதன் பின்னால் இருக்கும் தாங்கு நார்களைப் பிரித்து முன்னால் கொண்டு வந்து குறுக்காகப் பிணைத்து, கர்ப்பப்பையை மேலே நிறுத்தினார். இன்னும் பிள்ளை பெறாத இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கினால், வயிற்றைத் திறந்து, அதே நாடா யுக்தியால் கர்ப்பப்பையைப் பின்னுக்கு இழுத்து இடுப்பு எலும்பின் முன்பக்கத்தோடு ஊஞ்சல் போல் கட்டி வைக்கும் அறுவையையும் வகுத்தார். இடது பக்கம் பெருங்குடல் வழி மறிக்கும் என்பதால் அங்கே நாடாவை ஒரு தசையைச் சுற்றிக் கொண்டு போக வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் குடலுக்கு நெருக்கடி இல்லை. பம்பாய் மருத்துவர்கள் இந்த ஊஞ்சல் அறுவையில் வல்லவர்கள் என்று பெயர் எடுத்தார்கள், கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் புரந்தரே தமக்கென வேறொரு முறையை வகுத்திருந்தார். இரண்டும் இந்திய மாணவர்களின் பாடத்தில் சேர்ந்தன. அடைபட்ட கருக்குழாயைத் திறக்கும் அறுவையிலும் ஷிரோத்கர் கை தேர்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் கருவிகள் இன்றும் உண்டு.

இவ்வளவு தூரம் கர்ப்பத்தைக் காப்பாற்றியவர், 1949-ல் பம்பாயில் தொடங்கிய இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவியவர்களிலும் ஒருவர் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். முரண்பாடு போலத் தோன்றலாம். பிரசவ வார்டில் நின்று பார்த்தவருக்கு அது முரண்பாடே இல்லை. ஒரு கட்டிலில் ஒன்பதாவது பிள்ளை வேண்டாம் என்று அழுபவள். அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளை போதும் என்று அழுபவள். வேண்டும்போது பெறவும் வேண்டாதபோது நிறுத்தவும் இருவருக்கும் வழி வேண்டும் அல்லவா? சங்கத்தின் தலைவியாக இருந்த தன்வந்தி ராமராவ், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். 1952-ல் பம்பாயில் இது பற்றி உலக மாநாடே நடந்தது.

விருதும் மறைவும்

1960-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1971-ல் பத்மவிபூஷண். அந்த ஆண்டு குடியரசு தினத்தில் அறிவிப்பு வந்து ஆறு வாரமும் முழுதாக ஆகவில்லை. மார்ச் 7-ஆம் தேதி அவர் காலமானார். வயது 71.

அவர் மறைந்த பிறகு அவரது தையலும் சோதனைக்கு ஆளாயிற்று. அப்படி ஆவதுதான் முறை. பிரபலமான எந்தச் சிகிச்சைக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது: தேவையில்லாதவர்களுக்கெல்லாம் போடத் தொடங்கினார்கள். ஒரு முறை கலைந்தால் போதும், அடுத்த முறை தையல் என்று ஆயிற்று. 1993-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பல நாடுகளில் 1292 பெண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. தையல் போட்டவர்களில் 33 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் 100-க்கு 13 பேர். போடாதவர்களில் 17 பேர். அதாவது 25 பேருக்குப் போட்டால் ஒருவருக்கு நன்மை. ஆனால் மூன்று முறையோ அதற்கு மேலோ இவ்வாறு இழந்த பெண்களை மட்டும் தனியே பார்த்தபோது கணக்கு மாறியது: போட்டவர்களில் 15 பேர், போடாதவர்களில் 32 பேர். ஷிரோத்கர் முதலில் பொறுக்கி எடுத்த கூட்டம் இந்தக் கடைசிக் கூட்டம்தானே! யாருக்குப் போட வேண்டும் என்பதில் அவரது முதல் கட்டுரை பின்னால் வந்தவர்களைவிடக் கண்டிப்பாக இருந்திருக்கிறது.

வேறொரு விஷயத்தில் அவர் பக்கம் தீர்ப்பு ஆகவில்லை. தையல் உயரத்தில் இருந்தால் பலம் அதிகம் என்பது அவர் முறையின் அடிப்படை. கீழே போட்ட தையல் ஒருமுறை தோற்றுப் போன 111 பெண்களை வைத்து பிரிட்டனில் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. யோனி வழியாகவே சற்று உயரத்தில் போட்டதால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. வயிற்றைத் திறந்து, வாயின் மேல்முனையிலேயே கட்டியவர்களுக்குத்தான் பெரிய பலன் கிடைத்தது. 32 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் அவர்களில் 100-க்கு 8 பேர் மட்டுமே, மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. வயிற்று வழியே கட்டும் இந்த முறையை அமெரிக்காவில் 1965-லேயே வெளியிட்டிருந்தார்கள். அப்படிக் கட்டினால் சிசேரியன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும்.

இன்று விரலுக்குப் பதில் ஸ்கேன் வந்துவிட்டது. முன்பு இப்படி இழந்தவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வாயின் நீளத்தை அளந்து, 25 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் தையல் போடலாமா என்று யோசிக்கிறார்கள். பலமுறை இழந்தவர்களுக்கு 12 முதல் 14 வாரத்துக்குள் முன்கூட்டியே போட்டு விடுகிறார்கள். ரத்தப்போக்கு இருந்தாலோ, வலி கண்டாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, உள்ளே கிருமி சேர்ந்திருந்தாலோ போடுவதில்லை. வயிற்றில் இரட்டைக் குழந்தை என்பதற்காக மட்டும் போடுவதால் பயனில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். தையல் போட்டவள் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அப்படிப் படுத்தே கிடப்பதால் குழந்தை கூடுதலாகத் தங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். இது பற்றித் தத்தம் டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது. ஊரில் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் இங்கே தையல் போட்ட விவரம் எழுதிய காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். வலி கண்ட பிறகும் தையல் பிரிக்கப்படாமல் இருந்தால் வாய் கிழிந்து போகும்.

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இப்போது போடுவது மெக்டொனால்டின் சுருக்குத் தையல். வாய் மிகவும் குட்டையாகவோ கிழிந்தோ இருந்து கீழே பிடிப்புக் கிடைக்காதபோது ஷிரோத்கர் முறைக்குப் போகிறார்கள். 36, 37 வாரம் ஆனதும் சுருக்குத் தையலைப் பிரிக்கப் பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. முடிச்சைப் பிடித்து, ஒரு பக்கத்து இழையைக் கத்தரித்து உருவி விடுவார்கள். சில நிமிட வேலை. ஷிரோத்கர் தையல் தோலுக்கு அடியில் புதைந்திருப்பதால் பிரிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். மேலும் பிள்ளை வேண்டுமென்று விரும்பும் சிலருக்கு அதைப் பிரிக்காமலே சிசேரியன் செய்து, அடுத்த கர்ப்பத்துக்கும் அதே தையலை விட்டு வைப்பதுண்டு.